கல்லுக்கு அங்கால் எரிந்த விளக்குகள்

1. முதல் நாள்

கோயில் திருவிழாக்களுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் கட்டி இருபத்தாறு வருடம் சீவித்தவன் நான். வட்டக்கச்சி, கண்டாவளை, நெடுங்கேணி என்று வன்னியில் நான் வயர் இழுக்காத வீதி குறைவு. ஐம்பத்திரண்டாவது வயதில் கிளிநொச்சியில் இருந்த ஓர் உழவு இயந்திர ஷோரூமில் விளம்பரப் பகுதிக்கு என்னை எடுத்தார்கள். மனேச்சர் பிரதீபன் என்னைவிட இருபது வயது இளையவர். படித்த பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை, ஆனால் வாயில் கொஞ்சம் உறைப்பு. முதல் நாளே என்னை இருத்தி வைத்துச் சொன்னார்.

"நேசன் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது கோயில் இல்லை. மெசினுக்கு மாலை போட்டு, சுத்திவரக் கலர் பல்ப் கட்டி, பாட்டுப் போட்டால் சனம் வந்து பாத்திட்டுப் போகும். வாங்காது."

"அப்ப என்ன செய்யிறது தம்பி?"

"மெசின் தானே கதைக்கவேணும்."

இவருக்கு வெயில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். புதிய இயந்திரங்களில் சீற்றுக்குக் கீழே பூட்டி வருகிற பெட்டி அது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, கலப்பையில் எவ்வளவு பாரம் விழுகிறது, இயந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது, எல்லாவற்றையும் விநாடிக்கு விநாடி எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிடும். பழுது வருமுன் கண்டுபிடிக்கத்தான் அதை வைத்தார்கள். பிரதீபனுக்கு அதை வைத்து விளம்பரம் செய்யவேண்டும் என்று ஆசை.

"உதில வாற இலக்கத்தைச் சத்தமாகவும் வெளிச்சமாகவும் மாத்துங்கோ. அதுதான் உங்கட வேலை" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி "என்ன வேலை தந்தவை?" என்று கேட்டாள். லைட் கட்டுகிற வேலைதான் என்றேன்.

2. எஞ்சினுக்குக் குரல் கொடுத்தது

முதல் வருடம் சின்னச் சின்னதாகச் செய்தோம். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் எல்இடி பட்டி ஓட்டி, வீதியில் போகிற வாகனத்தின் வேகத்துக்கு ஏற்ப அது நிறம் மாறும்படி வைத்தோம். பஸ் றைவர்மார் அதைப் பார்க்கவென்றே வேகத்தைக் குறைத்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து, தன்னால் செய்ய முடியாததை நாங்கள் செய்துவிட்டோம் என்று பகிடி விட்டுப்போனார்.

பிறகு சத்தத்தில் இறங்கினேன். இயந்திரத்தின் பொனெட்டில் மைக் பூட்டி, எண்ணூறு ஆர்பிஎம்மிலிருந்து இரண்டாயிரத்து நானூறு வரை ஐம்பது ஐம்பதாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் எஞ்சின் போடுகிற சத்தத்தைப் பதிந்தேன். பெட்டியிலிருந்து இலக்கம் வரும்போது கொம்பியூட்டர் அதற்குரிய சத்தத்தை எடுத்துப் போடும். கலப்பையில் பாரம் கூடினால் அடிச்சத்தம் கூடும். வெளிச்சத்துக்கும் அதே கணக்குத்தான். பாரம் குறைந்தால் நீலம், கூடினால் செம்மஞ்சள், மிக அதிகமென்றால் சிவப்பு.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலக்கத்தைச் சத்தமாக மாற்றுவது கஷ்டமில்லை. கேட்கக்கூடிய சத்தமாக மாற்றுவதுதான் கஷ்டம். பழகின வயலில் உழுகிற மெசின் ஒரே மாதிரித்தான் முனகும். அரை மணித்தியாலம் அதைக் கேட்டால் எவனும் நித்திரையாகிவிடுவான். எங்கே சத்தம் உடைகிறது, எங்கே திணறுகிறது என்று தேடித்தான் காட்சி கட்டவேண்டும். அப்படித் தேடுகிற காது எனக்கு இருந்தது. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

3. இராமையா

மூன்றாம் வருடம் பிரதீபன் பெரிய திட்டம் ஒன்று போட்டார். நல்ல உழவுகாரன் ஒருவனிடம் புது இயந்திரத்தை ஒரு போகம் முழுக்க இனாமாகக் கொடுப்பது. அவன் உழுத முழுப் போகத்தையும் நிலத்தில் வெளிச்சமாக வரைந்து, சத்தத்தோடு சனத்துக்குக் காட்டுவது.

"ஆர் நல்ல உழவுகாரன்?" என்று கேட்டார்.

"நெடுங்கேணி இராமையா" என்று யோசிக்காமல் சொன்னேன்.

இராமையாவை எனக்குத் திருவிழாக் காலத்திலிருந்தே தெரியும். என்னுடைய ஜெனரேற்றரைத் தன் பழைய மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிவந்து தருவார். அவருடைய தகப்பன் மலைநாட்டில் தோட்டத்தில் இருந்தவர். அங்கே கலவரத்தில் அடிபட்டு, வன்னிக்கு வந்து, காட்டோரம் மூன்று ஏக்கரை வெட்டித் திருத்தியவர். இராமையாவுக்கு வேலை ஊராருக்குக் கூலிக்கு உழுவது. மனைவி லெட்சுமி அந்த மூன்று ஏக்கரைப் பார்ப்பா. அவர் உழுத வயலில் தண்ணீர் கட்டினால் ஒரு பக்கமும் தேங்காது. அப்படி ஒரு மட்டம்.

பெட்டி பூட்டிய இயந்திரத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி எழுதுவதை விளம்பரத்துக்கு எடுக்கலாம் என்ற சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் அவர் சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதிக்கிடுமா?"

"எஞ்சின்ர சத்தத்தைத்தான் தம்பி. எவ்வளவு சுத்துது, எவ்வளவு இழுக்குது எண்டு."

"அவ்வளவுதானுங்களா?"

"ஓம், பயப்பிடாதை."

நான் பொய் சொல்லவேண்டுமென்று சொல்லவில்லை. எனக்கு அப்போது சத்தம் மட்டுந்தான் மண்டைக்குள் இருந்தது. இடத்தையும் எழுதும் என்பது எனக்குத் தெரியும். அது அவருக்கு முக்கியம் என்று தோன்றவில்லை. அவர் கேட்ட ஒரேயொரு கேள்வி அதுதான், அதற்கு நான் அரைப்பதில் சொன்னேன்.

புரட்டாசியில் உழவு தொடங்கியது. ஒருநாள் போய்ப் பார்த்தபோது லெட்சுமி தேத்தண்ணி தந்தா. இராமையா எங்கே என்று கேட்டேன். "அங்கால போயிருக்காரு" என்றா. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கும் "அங்காலதானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா. கூட இருந்த பக்கத்து வீட்டுக்காரரும் வேறு கதை எடுத்தார்.

அந்தக் குடியிருப்பில் எவரும் அந்த மூன்று ஏக்கருக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. எல்லைக்கல் நட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் காடு என்று அரசாங்கம் வரைபடம் கீறிய பிறகு வந்த பழக்கம் அது. கல் அவர்களுடைய வயலுக்கு இந்தப் பக்கத்தில் நடப்பட்டது. அன்றிலிருந்து உழுவார்கள், விதைப்பார்கள், வெட்டுவார்கள், ஆனால் வாயால் சொல்லமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கத்தின் குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள். எங்களுக்கு உத்தரவுப் பத்திரத்தோடு காணி தந்தார்கள். ஏக்கர் கணக்கைச் சந்தியில் நின்று பெருமையாகச் சொல்லி வளர்ந்தவன் நான். நிலத்தைப் பற்றி வாய் திறக்கப் பயப்படுவது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் பழக்கவில்லை.

4. ஒன்பது நிமிடம்

மார்கழி மழையில் ஷோரூமுக்குள் அடைந்திருந்து தரவைக் கேட்டேன். நூற்று நாற்பது ஏக்கருக்குக் கிட்ட உழுதிருந்தார். எல்லாவற்றையும் ஒன்பது நிமிடத்துக்குள் சுருக்கவேண்டும். பெரும்பகுதி நான் முன்னமே சொன்ன முனகல்தான். வயல், வரம்பு, திருப்பம், வயல், வரம்பு, திருப்பம்.

அப்போதுதான் அந்த மூலை வந்தது.

ஆயிரத்து எண்ணூறில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று ஆயிரத்து முந்நூறுக்கு விழுந்தது. உறுமியது. ஏறியது, மறுபடி விழுந்தது. மண்ணுக்குள் பாலை மரத்து வேர் கிடக்கிறது, கலப்பை அதில் மாட்டுகிறது, அவர் கியரைக் குறைத்து மெல்ல எடுத்துவிடுகிறார். சுமை தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் மேட்டில் ஏறுவது போல இருந்தது. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். பிரதீபனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

"இது எவடம் அண்ணை?"

"காட்டுக்கரைப் பக்கம்போல. புது மண்."

"உதைத்தான் கடைசியில வையுங்கோ. உதுதான் கிளைமாக்ஸ்."

நூற்று நாற்பது ஏக்கரில் அந்த மூன்று ஏக்கருக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்தேன். முழுக்கச் சிவப்பு. மற்ற வயல்களின் வெளிச்சத்தை அரைவாசியாகக் குறைத்து, அந்த மூலையை மட்டும் முழுதாக எரியவிட்டேன். சனத்துக்கு விளங்கவேண்டும் என்று ஊரின் வீதி, வாய்க்கால், குளக்கட்டு, காட்டு எல்லை எல்லாவற்றையும் வெள்ளைக் கோட்டில் போட்டேன். காட்டு எல்லையை எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? எவரும் பார்க்கக்கூடிய அரசாங்க வரைபடத்திலிருந்து. கோடு சரியாக வரவேண்டும் என்று இரண்டு தரம் அளந்து வேறு பார்த்தேன். சிவப்பு, கோட்டைத் தாண்டி விழுந்தது என் கண்ணில் பட்டது. வடிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.



5. நெடுங்கேணியில்

பொங்கல் கழிந்த கிழமை, சந்தைக்குப் பின்னாலுள்ள வெளியில் காட்சி வைத்தோம். வெளி முழுக்க மணல் பரப்பி, அதற்குள் ஆயிரத்து இருநூறு எல்இடி புதைத்திருந்தோம். ஒரு விளக்கு பத்து நிமிட உழவு. சனம் சுற்றிவரப் படிக்கட்டுப் பலகையில் இருந்தது. விவசாயிகள், ஆசிரியர்மார், அரசாங்கக் கந்தோர் ஆட்கள். இராமையாவும் லெட்சுமியும் முன்வரிசையில். அவர் வெள்ளை வேட்டி, அவா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை.

பொழுதுபட்டு வெளிச்சம் மங்கியதும் தொடங்கினோம். விளக்குகள் ஒவ்வொன்றாக வரம்பு வரம்பாகப் பற்றிக்கொண்டு போயின. "அந்தா எங்கட வயல்" என்று சனம் கை நீட்டியது. ஒவ்வொரு வயலாகக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருடம் எத்தனையோ தேருக்கு லைட் கட்டியவனுக்கு இப்படியொரு சந்தோசம் வந்ததில்லை.

எட்டாவது நிமிடம் எல்லாம் மங்கி, அந்த மூலை சிவந்தது. எஞ்சின் விழுந்தது, உறுமியது.

இராமையா எழுந்து நின்றார். பெருமையில் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். லெட்சுமி அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினா. பின்வரிசையில் அவர்களுடைய குடியிருப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் மட்டும் கை தட்டவில்லை.

முடிந்ததும் சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. காட்டுக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். சாந்தமான மனிதர். ஃபோனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார்.

"நல்ல வேலை ஐயா. கடைசியில சத்தம் ஏன் வேற மாதிரி வந்தது?"

இராமையா எனக்குப் பக்கத்தில் நின்றார். மெல்ல என் கையைத் தொட்டார். நான் கவனிக்கவில்லை.

"அது காட்டு மண் சேர். உள்ளுக்குப் பாலை வேர் கிடக்கு. கல்லுக்கு அங்கால, இராமையாவின்ர மூண்டு ஏக்கர். அந்த மண்ணில இப்பிடி உழ இவராலதான் ஏலும்."

அவ்வளவும் என் வாயால் வந்தது. பெயர், அளவு, கல். ஒரு குடியிருப்பே இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, இராமையாவின் தோளில் தட்டியும் கொடுத்தேன். அந்த மனிதர் ஃபோனைக் கீழே இறக்கினார். இராமையாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்றுதான் இருந்திருக்கும்.

"அப்பிடியா" என்று மட்டும் சொன்னார்.

6. பிறகு

மூன்று கிழமை கழித்துக் காட்டுக் கந்தோரிலிருந்து அளக்க வந்தார்கள். இராமையா ஃபோன் எடுத்துச் சொன்னார். திட்டவில்லை. "அண்ணே, வந்திருக்காங்க" என்றார், அவ்வளவுதான். நான் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். அதே மனிதர்தான் நின்றார். என்னைக் கண்டதும் ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"ஐயா, எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம். அந்த வீடியோ எங்கட கந்தோருக்கு மூண்டு பேரின்ர ஃபோனில வந்திட்டுது. நான் காணாத மாதிரி இருக்கேலாது. பயிர் நிக்குது, அதை வெட்டி எடுக்கட்டும். அதுக்குப் பிறகு இறங்கக்கூடாது. வழக்கு வரும். பழைய பாவனைக்கு எழுத்தில ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கோ."

எழுத்தில் என்ன இருக்கும்? இராமையாவின் தகப்பன் வைத்திருந்த கடதாசிகள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எந்த ஊரில் விழுந்தனவோ தெரியாது.

ஷோரூமுக்கு வந்து பிரதீபனிடம் அந்தத் தரவை அழிக்கச் சொன்னேன்.

"கொழும்பில கிடக்கிறதை நான் எப்பிடி அண்ணை அழிக்கிறது? அழிச்சாலும் வீடியோ ஊர் முழுக்கப் போயிட்டுது. இன்டர்நெட்டில எங்கட பேஜிலயே எவ்வளவு சனம் பாத்திட்டுது."

"பேஜில இருந்தாவது எடுங்கோ."

எடுத்தார். அதற்குள் வேறு ஆட்கள் இறக்கிப் போட்டுவிட்டார்கள். கொழும்பு விளம்பரக்காரர் ஃபோன் எடுத்து, நல்ல வீடியோத் துண்டை ஏன் பேஜிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தச் சிவப்பு மூலையை மட்டும் வெட்டி, சிங்களத்திலும் தமிழிலும் எழுத்துப் போட்டு, தொலைக்காட்சிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். "கரடு முரடான நிலத்துக்கும் அஞ்சாத இயந்திரம்." பிரதீபன் கெஞ்சிப் பார்த்தார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். இப்போதும் அது ஓடுகிறது. செய்திக்கு முன்னால் ஓடும். என் வீட்டில் அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சி போடுவதில்லை.

பங்குனியில் நான் வேலையை விட்டேன். பிரதீபன் நிற்கச் சொன்னார். என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை என்றார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது கதைத்திருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் படித்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய வாகனம் எழுதியதை ஊருக்குக் காட்டுமுன் அவரைக் கூட்டிவந்து இருத்தி, முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எது வடிவு என்று கேட்காதீர்கள். எதைக் காட்டக்கூடாது என்று கேளுங்கள். பத்திரத்தில் அல்ல, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர் சும்மா இருந்தால், அந்த இடத்தை வெட்டுங்கள். இது பெரிய ஞானமில்லை. ஒருநாள் பின்னேரம் ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் ஒரு கதிரைதான் போட்டேன்.

வழக்குத் தவணைக்கு முதல் நாள் லெட்சுமி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தா. பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறி வந்திருக்கிறா. தண்ணீர் மட்டும் குடித்தா.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். லோயரு சொல்றாரு, நாங்க அங்க எவ்வளவு காலமா உழுறோம்னு காட்டணுமாம். அந்தப் பெட்டி நாள், நேரம், எடம் எல்லாம் சரியா எழுதியிருக்குன்னு கோர்ட்டுல ஒத்துக்குவாங்களாம். அதுல எங்க மாமனாரு உழுதது இருக்குமுங்களா? இவரு பழைய மெசின்ல உழுதது?"

"இல்லைத் தங்கச்சி. பெட்டி பூட்டின நாளில இருந்துதான் இருக்கும்."

"அதுக்கு முன்ன ஒண்ணுமே இருக்காதுங்களா?"

"இருக்காது."

மனைவி குசினி வாசலில் நின்றாள், உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

"நாப்பது வருசத்துக்கு மேல அந்த மண்ணுல வேரு பொறக்கியிருக்கோம்" என்றா லெட்சுமி. "எங்க மாமனாரு பொறக்கினாரு, நான் பொறக்கினேன், எம் புள்ளைங்க பொறக்கினாங்க. இன்னும் முடியல. அந்தச் சத்தம்தானே அன்னைக்குப் போட்டீங்க?"

"ஓம்."

"அப்ப, பெட்டியில இருக்கிறபடி பாத்தா, நாங்க போன புரட்டாசியிலதான் காட்ட வெட்டிக்கிட்டு உள்ள வந்தோம்னு ஆகிடும். அப்படித்தானுங்களே?"

நான் எத்தனையோ கூட்டத்துக்கு மைக் பிடித்தவன். அந்தக் கேள்விக்கு வேறு ஏதாவது சொல்லலாமா என்று தேடிப் பார்த்தேன்.

"ஓம் தங்கச்சி" என்றேன். "அப்பிடித்தான் ஆகும்."